லயன்ஸ் 2023 டிராஃப்ட்: ஆட்கள் நல்ல ஆட்கள்தான், எடுத்த இடம் சரியா?

கணக்குச்சிங்கம்:
அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் ஆடும் டெட்ராய்ட் லயன்ஸ், 2023 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுப்பது; ஒவ்வொரு முறையும் ஒரு பிக்) எடுத்த குவார்ட்டர்பேக் ஹெண்டன் ஹூக்கரையும் 2025 ஆகஸ்டில் கழற்றிவிட்டார்கள். அதனால் இந்தப் பஞ்சாயத்தை மறுபடி கூட்டலாம். 2023 டிராஃப்ட் என்றாலே டெட்ராய்ட் ரசிகர்கள் ஜெனரல் மேனேஜர் பிராட் ஹோம்ஸுக்கு மாலை போடக் கிளம்பிவிடுகிறார்கள். எடுத்தவர்கள் திறமைசாலிகள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 12-ஆவது பிக்கில் ஒரு ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர், ஜாமிர் கிப்ஸ்), 18-இல் ஒரு இன்சைட் லைன்பேக்கர் (டிஃபென்ஸின் நடுவில் நிற்பவர், ஜாக் கேம்பல்) என்பது முதல் ரவுண்டு செலவழிக்கும் முறையே இல்லை.

காரணம் சம்பளக் கணக்கு. ரூக்கி (புதுமுக) ஒப்பந்தம் பிக் எண்ணை வைத்து முடிவாகிறது. 12-ஆவது பிக் யாராக இருந்தாலும் 4 ஆண்டுக்கு ஏறக்குறைய 17.8 மில்லியன் டாலர். அதே நேரம் வெளிச்சந்தையில் என்ன விலை? 2023-இல் ரன்னிங் பேக் ஃபிரான்சைஸ் டேக் (ஒப்பந்தம் முடிந்தவரை ஒரு வருஷம் பிடித்துவைக்கத் தர வேண்டிய தொகை) 10.09 மில்லியன், எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் டிஃபென்சிவ் எண்டுக்கு 19.73 மில்லியன். இரண்டு பேரும் ஒரே அளவு நன்றாக ஆடினால், எண்டை எடுத்த அணிக்கு வருஷத்துக்கு 9 மில்லியனுக்கு மேல் மிச்சம். அந்தப் பணத்தில் இன்னொரு ஸ்டார்ட்டரைப் பிடிக்கலாம். போதாததற்கு, அதற்கு முந்தைய மாதம்தான் இன்னொரு ரன்னிங் பேக் டேவிட் மாண்ட்கோமரிக்கு 3 ஆண்டு, 18 மில்லியன் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரே வேலைக்கு இரண்டு முதலீடு!

ஹொனலூலு நீலம்:
கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே பாஸ். 12-ஆவது பிக் வானத்திலிருந்து விழவில்லை. கையில் இருந்தது 6 (குவார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்டைக் கொடுத்ததற்கு ராம்ஸிடமிருந்து வந்தது). 6-ஐயும் 81-ஐயும் அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 வாங்கினார்கள். ஒவ்வொரு பிக்குக்கும் மதிப்பெண் தரும் பழைய ஜிம்மி ஜான்சன் சார்ட்டில் போட்டுப் பாருங்கள்: 1600 + 185 = 1785 கொடுத்தார்கள். 1200 + 560 + சுமார் 24, அதாவது 1784 வந்தது. தட்டு ஆடவே இல்லை.

ஆக, 6-ஆவது பிக் கிப்ஸாக மட்டும் மாறவில்லை. கிப்ஸும் சாம் லபோர்ட்டாவும் சேர்ந்துதான் அந்த 6. 34-இல் வந்த டைட் எண்ட் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) லபோர்ட்டா முதல் சீசனிலேயே 86 கேட்ச், 889 யார்டு, 10 டச்டவுன். ரூக்கி டைட் எண்ட் ஒருவர் அதுவரை அத்தனை கேட்ச் பிடித்ததே கிடையாது. அடுத்த வருஷம்தான் பிராக் பவர்ஸ் அதைத் தாண்டினார். இங்கிருந்து போன டைட் எண்ட் ஹாக்கன்சனுக்கு மினசோட்டா 4 ஆண்டுக்கு 66 மில்லியன் எழுதியது. நீங்கள் தேடும் சம்பள மிச்சம் டைட் எண்ட் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கணக்குச்சிங்கம்:
அந்த சார்ட் 90-களின் தொடக்கத்தில் டல்லஸில் போட்டது. மேல் பிக்குகளுக்கு அளவுக்கு மீறி மதிப்பு தரும். புது சார்ட்டுகளில் போட்டால் இறங்கி வந்த லயன்ஸுக்கு இன்னும் லாபமாகவே காட்டும். அதனால் டிரேடை நான் குறை சொல்லவில்லை, குறை சொல்லவும் முடியாது. இறங்கி வந்து உட்கார்ந்த பிறகு 12-இல் யாரை எடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. அப்போது கார்னர் (பாஸ் பிடிப்பவரைக் காவல் காப்பவர்) கிறிஸ்டியன் கொன்சாலஸ் யாரும் எடுக்காமல் போர்டில் இருந்தார். 17-இல்தான் நியூ இங்கிலாந்து எடுத்தது. கார்னர் ஜெஃப் ஒகூடாவை அதே ஏப்ரலில் அட்லாண்டாவுக்கு அனுப்பிவிட்டு, கார்னர் வேண்டாம் என்று ரன்னிங் பேக் எடுத்தால் எப்படி?

நான்காம்டவுன்:
கொன்சாலஸ் பெயரைச் சொல்லும் எல்லோரும் அவருக்கு ஒரு பிக் முன்னால் போன கார்னரை மறந்துவிடுவார்கள். 16-இல் வாஷிங்டன் எமானுவேல் ஃபோர்ப்ஸை எடுத்தது, இரண்டாவது சீசன் முடிவதற்குள்ளேயே கழற்றிவிட்டது. 7-இல் ரெய்டர்ஸ் எடுத்த டைரி வில்சன் எட்ஜ் (வெளிப்பக்கத்திலிருந்து பாய்பவர்), உங்கள் அட்டவணைப்படி தங்கமான பொசிஷன். முதல் இரண்டு சீசனில் ஒன்றில்கூட 5 சாக் (குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) தொடவில்லை. "இரண்டு பேரும் ஒரே அளவு நன்றாக ஆடினால்" என்று ஒரு வரி போட்டீர்களே, உங்கள் வாதம் மொத்தமும் அந்த "ஆடினால்" மேல்தான் நிற்கிறது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். கிப்ஸும் மாண்ட்கோமரியும் ஒரே வேலை பார்க்கிறார்கள் என்பது தப்பு. மாண்ட்கோமரி லைனின் நடுவே இடித்துக்கொண்டு போகிறவர். கிப்ஸ் 199 பவுண்டு, 40 யார்டு 4.36 நொடி. அவரை வெளிப்பக்கம் ஓடவிட்டாலோ, ஸ்க்ரீன் பாஸ் கொடுத்தாலோ, ஒரு லைன்பேக்கர் கோணத்தைத் தப்பாகப் பிடித்தால் போதும், கதை முடிந்தது. எதிரணி லைனுக்குப் பக்கத்தில் எட்டுப் பேரைக் குவித்தால் பின்னால் சேஃப்டி ஒருவர்தான் மிச்சம். அப்போது குவார்ட்டர்பேக் காஃப் பிளே ஆக்‌ஷன் காட்டி (ஓட்டம்போல் ஏமாற்றி) ரிசீவர் செயின்ட் பிரவுனுக்கு நடுவில் போடுவார். ஆட்களைக் குறைத்தால் இந்த இருவரும் ஓடியே தீர்ப்பார்கள். அப்போதைய அட்டாக் கோச் பென் ஜான்சனின் அட்டாக் இந்தச் சிக்கலில் எதிரணியை மாட்டிவிட்டே ஓடியது. 2023-இல் மாண்ட்கோமரி 1,015 யார்டு, கிப்ஸ் 945. 2024-இல் கிப்ஸ் 250 ஓட்டத்தில் 1,412 யார்டு, கேட்சும் சேர்த்து 20 டச்டவுன்.

2025 ஜனவரி 5, மினசோட்டா ஆட்டம் மறந்துவிட்டதா? லீகின் ஒரு பாதியான என்எஃப்சியில் முதலிடம் யாருக்கு என்று முடிவாகும் ஆட்டம். மாண்ட்கோமரி முழங்கால் காயத்தில் வெளியே. கிப்ஸ் தனியாக 4 டச்டவுன், 31–9.

பெஞ்ச்பார்வை:
முந்தைய வருஷ ஜனவரியையும் சொல்லுங்களேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் என்எஃப்சி இறுதி, பாதி ஆட்டத்தில் 24–7 முன்னிலை. மூன்றாவது குவார்ட்டரில் காஃப்–கிப்ஸ் கைமாற்றத்தில் பந்து தரையில், அதிலிருந்து நைனர்ஸ் டச்டவுன், 24–24. கடைசியில் 34–31.

நான்காம்டவுன்:
ஒரு கைமாற்றம் தப்பியதை வைத்து பிக்கை எடை போடுவதா? சரி, குறித்துக்கொள்கிறேன்.

கணக்குச்சிங்கம்:
கிப்ஸ் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி பென் ஜான்சனுக்குப் போக வேண்டிய பாராட்டு. அவர் சிகாகோ போய்விட்டார், அது கிடக்கட்டும். எனக்கு உண்மையான வயிற்றெரிச்சல் 18-ஆவது பிக்.

2024-இல் டல்லஸ் ஆட்டத்தில் எங்கள் டிஃபென்சிவ் எண்ட் ஹட்சின்சன் கால் முறிந்தது, அக்டோபர் 13. அதுவரை 5 ஆட்டத்தில் 7.5 சாக். அதற்குப் பிறகு அந்த சீசனில் அவர் களமிறங்கவே இல்லை. சீசன் முடிவில் அணியில் அதிக சாக் யார்? அதே ஹட்சின்சன், அதே 7.5! பாதியில் டிரேடில் வந்த ஜடேரியஸ் ஸ்மித்தாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியவில்லை. கடைசியில் பிளேஆஃபில் வீட்டிலேயே வாஷிங்டனிடம் 45–31 தோல்வி. எதிர்முனையில் இன்னொரு ரஷர் இல்லாததன் விலை அது. 18-இல் கேம்பலை எடுத்ததும் அடுத்த பிக்கில் டாம்பா பே கலைஜா கேன்சியை எடுத்தது. உள்ளே புகுந்து அமுக்கத் தெரிந்த ஆள்.

ஹொனலூலு நீலம்:
வாஷிங்டன் ஆட்டத்தில் லயன்ஸ் 5 டர்னோவர் (பந்தைப் பறிகொடுத்தல்) கொடுத்தது. காஃப் மூன்று இன்டர்செப்ஷன், ஒரு ஃபம்பிள், ஜேமிசன் வில்லியம்ஸ் வீசிய பாஸும் எதிரணி கையில். அதையெல்லாம் பாஸ் ரஷ் கணக்கில் எழுதாதீர்கள்.

கணக்குச்சிங்கம்:
டர்னோவரிலிருந்து நேராகப் போனது ஒரு பிக்-சிக்ஸ் (பறித்த பாஸோடு ஓடிப் போட்ட டச்டவுன்), 7 புள்ளி. மிச்சம் 38-ஐ டிஃபென்ஸ் கொடுத்தது. வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் நிதானமாக நின்று வீசினார்.

நான்காம்டவுன்:
ஹட்சின்சன் கால் முறியும் என்று 2023 ஏப்ரலில் யாருக்கும் ஜோசியம் தெரியாது. அன்றைக்கு அவர்கள் முன்னால் இருந்த வீடியோ வேறு: 2022 டிசம்பர் 24, சார்லட். கரோலினா அன்று 320 யார்டு ஓடியது. ஃபோர்மன் 165, ஹப்பர்ட் 125. லயன்ஸ் வரலாற்றிலேயே அதுதான் மோசம். அந்த ஆட்டத்தை ஜெயித்திருந்தால் 10–7, பிளேஆஃப் நேராகக் கையில். தோற்று, 9–8 என்று முடித்து, சியாட்டிலுக்கு இடத்தை விட்டார்கள். யார்டு கணக்கில் அந்த வருஷம் லீகின் கடைசி டிஃபென்ஸ்.

லைன்பேக்கர் முதலில் படிக்க வேண்டியது எதிரணித் தடுப்பாளரான கார்டின் முதல் காலடி. அதைப் படிக்க அரை நொடி தாமதித்தால் கார்ட் மேலேறி அவர் நெஞ்சில் கை வைத்துவிடுவார், ஓடுபவர் ஏழு யார்டு சும்மா எடுப்பார். அவசரப்பட்டுப் பக்கவாட்டில் ஓடினாலோ பின்னால் கட்பேக் (திரும்பி ஓடும்) வழி திறக்கும். கேம்பல் 6 அடி 5 அங்குலம், 249 பவுண்டு, 2022 பட்கஸ் விருது (சிறந்த கல்லூரி லைன்பேக்கர்). அயோவாவில் அவருடைய பலமே இந்த நிதானம்தான். 2023-இல் லயன்ஸ் ஓட்டத் தடுப்பு லீகில் இரண்டாமிடம், ஆட்டத்துக்கு 89 யார்டுக்கும் குறைவு.

கணக்குச்சிங்கம்:
2023-இல் கேம்பல் சுழற்சி ஆட்டக்காரர் சார். நடுவில் அன்சலோனும் பார்ன்ஸும் ஆடினார்கள், முன்னால் அலிம் மெக்நீல் இரண்டு பேரைக் கட்டிப்போட்டார். அந்த இரண்டாமிடத்தை 18-ஆவது பிக் தலையில் சூட்டுவது நியாயமா?

நான்காம்டவுன்:
2023-க்கு உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2024-ஐப் பாருங்கள். பார்ன்ஸ் மூன்றாவது ஆட்டத்திலேயே முழங்கால் போய் மிச்ச சீசன் முழுக்க வெளியே, அன்சலோன் முன்கை முறிவு. அந்த நடுப்பகுதி குலையாமல் இருந்ததற்கு ஒரே காரணம் கேம்பல். 131 டேக்கிள்.

பெஞ்ச்பார்வை:
45-இல் எடுத்த செகண்டரி (டிஃபென்ஸின் பின்வரிசை) ஆள் பிரையன் பிராஞ்ச் பற்றி யாருமே சண்டை போடவில்லையே!

ஹொனலூலு நீலம்:
சண்டை போட என்ன இருக்கிறது? 48-ஐயும் 159-ஐயும் கிரீன் பேவுக்குக் கொடுத்து 45-க்கு ஏறினார்கள். பக்கத்து வீட்டுக்காரனிடமே வாங்கிய அடிமாட்டு விலை. 40 யார்டு 4.58 ஓடினார் என்பதற்காக முதல் ரவுண்டில் எல்லோரும் கைவிட்டார்கள். ஸ்லாட்டில் (ஓரமாக இல்லாமல் உள்பக்கமாக) ஆடுபவருக்கு 10 யார்டுக்குள் திரும்பத் தெரிந்தால் போதும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. முதல் ஆட்டமே கான்சஸ் சிட்டி மண்ணில். எதிரணி ரிசீவர் டோனி கையில் பட்டுத் தெறித்த பந்தைப் பிடித்து 50 யார்டு ஓடி டச்டவுன். அந்த ஆட்டம் 21–20. அடுத்த வாரமே சேஃப்டி கார்ட்னர்–ஜான்சன் மார்புத் தசை கிழிந்து வெளியே போனபோது, பிராஞ்ச் இல்லாவிட்டால் செகண்டரி என்னவாகியிருக்கும்?

கணக்குச்சிங்கம்:
பிராஞ்ச், லபோர்ட்டா இரண்டும் அபாரம், தகராறே இல்லை. அதற்கப்புறம் வாருங்கள். 68-இல் ஹூக்கர்: 25 வயது, முழங்கால் தசைநார் (ஏசிஎல்) கிழிந்த கால், முதல் வருஷம் பெரும்பாலும் மருத்துவப் பட்டியலில். கடைசியில் கைல் ஆலனிடம் மாற்று குவார்ட்டர்பேக் இடத்தைத் தோற்றார். 96-இல் டிஃபென்சிவ் லைன்மேன் பிராட்ரிக் மார்ட்டின்: அவருக்காக 122, 139, 168 மூன்றையும் அரிசோனாவுக்கே கொடுத்து ஏறினார்கள். அந்த 168 அரிசோனாவிடமிருந்து வந்ததுதான், மறுநாளே திரும்பிப் போனது! மார்ட்டின் ஆடிய ஆட்டங்களைக் கைவிரலில் எண்ணலாம். கடைசி இரண்டு பேர் சோர்ஸ்டல், அன்டோயின் கிரீன் பற்றி எழுத விஷயமே இல்லை. எட்டு பேரில் நாலு ஸ்டார்ட்டர்.

ஹொனலூலு நீலம்:
எட்டுக்கு நாலு என்பது எந்த அணிக்கும் பொறாமை தரும் விகிதம். மார்ட்டினுக்காக ஏறியது மோசம், அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஹூக்கர் ஒரு சூதாட்டம். காஃபுக்குப் பிறகு யார் என்று தெரியாத காலத்தில் மூன்றாம் ரவுண்டில் வைத்த பந்தயம். 2024 மே மாதம் காஃபுக்கு 4 ஆண்டு, 212 மில்லியன் எழுதிய அன்றே அதற்குத் தேவை போய்விட்டது.

கணக்குச்சிங்கம்:
இனிதான் வலி ஆரம்பம். நாலு வருஷ ரூக்கி ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டும் ஐந்தாம் ஆண்டு ஆப்ஷன் முதல் ரவுண்டு ஆட்களுக்கு மட்டும்தான். கிப்ஸ், கேம்பல் இருவருக்கும் 2026 மே தொடக்கத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். லபோர்ட்டாவுக்கும் பிராஞ்சுக்கும் அந்த வசதி இல்லை, 2026 சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. இதில் கேம்பல் விஷயம் இன்னும் கோணல். ஆப்ஷன் தொகை போடும்போது லீக் எல்லா லைன்பேக்கர்களையும் ஒரே கூடையில் போடுகிறது. வெளியிலிருந்து பாயும் எட்ஜ் ரஷர்களின் சம்பளமும் அந்தச் சராசரியில் சேரும். இன்சைட் லைன்பேக்கருக்கு எட்ஜ் விலை கொடுக்க வேண்டி வரும். நான் முதல் பதிவில் லைன்பேக்கர் டேக் தொகையைச் சொல்லாமல் விட்டதும் அதனால்தான்.

நான்காம்டவுன்:
ஆப்ஷன் எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லையே. அதற்கு முன்பே நீண்ட ஒப்பந்தம் பேசி முடிக்கலாம். சூவெலுக்கும் செயின்ட் பிரவுனுக்கும் அப்படித்தான், 2024 ஏப்ரலில் முந்திக்கொண்டு முடித்தார்கள்.

கணக்குச்சிங்கம்:
நாலு பேருக்கும் ஒரே சமயத்திலா? ஹட்சின்சனுக்கு வேறு 2025 அக்டோபரில் பெரிய ஒப்பந்தம் எழுதிவிட்டார்கள். யாரை முதலில் கூப்பிடுவீர்கள், சொல்லுங்கள்.

ஹொனலூலு நீலம்:
பிராஞ்ச். அப்புறம் கிப்ஸ்.

நான்காம்டவுன்:
கிப்ஸ், அப்புறம் பிராஞ்ச். ரன்னிங் பேக்குக்கு 27 வயதுக்கு மேல் யாரும் பணம் தரக் கூடாது, தருவதாக இருந்தால் இப்போதே.

கணக்குச்சிங்கம்:
அப்படியென்றால் 12-ஆவது பிக்கை ஐந்தாறு வருஷம் மட்டுமே வைத்துக்கொள்ளக்கூடிய பொசிஷனில் செலவழித்தார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

நான்காம்டவுன்:
ஆமாம். அந்த ஐந்தாறு வருஷத்தில்தான் காஃபும் இங்கே இருக்கிறார்.