சின்ன எஞ்சினுக்கு இனர்ஷியா டைனோ, டார்க் கர்வ் ஆடுது, யாராச்சும் சொல்லுங்க
வணக்கம் மக்களே, கோ கார்ட்ல போடுற ஹோண்டா ஜிஎக்ஸ் 160 எஞ்சினுக்காக பட்டறையிலயே ஒரு இனர்ஷியா டைனோ (கனமான வட்டை எஞ்சினால சுத்த வச்சு, அது எவ்வளவு சீக்கிரம் ஸ்பீடு ஏறுதுன்னு பாத்து டார்க், அதாவது சுழற்று விசையைக் கணக்கு போடுற கருவி) ரெடி பண்ணிருக்கோம். 400 மிமீ விட்டம், 50 மிமீ தடிமன் ஸ்டீல் வட்டு, சுமார் 49 கிலோ, செயின்ல 2:1 குறைச்சு ஓட்டுறோம், எஞ்சின் 1800ல இருந்து 3600 ஆர்பிஎம் ஏற நாலஞ்சு செகண்ட் ஆகுது, அது ஓகே.

பிரச்சனை டார்க் கர்வ்தான் (எந்த ஸ்பீடுல எவ்வளவு டார்க்னு காட்டுற கிராஃப்), ரம்பப் பல்லு மாதிரி வருது. வட்டு ஷாஃப்ட்ல 60 பல்லு வீல், பல்லு கடக்குறதைப் பிடிக்க ஹால் சென்சார், நேரம் அளக்க ஆர்டுயினோ ஊனோ போர்டு. அதுல நேரம் சொல்ற மைக்ரோஸ் ஃபங்ஷன் 4 மைக்ரோசெகண்ட் படியாத்தான் எண்ணும், வட்டு 1800ல சுத்தும்போது பல்லுக்குப் பல்லு கேப்பே 555 மைக்ரோசெகண்ட்தான், ஸ்பீடுலயே முக்கால் பர்சென்ட் தப்பு வந்தா அதுல இருந்து ஆக்சிலரேஷன் எடுத்தா என்ன மிஞ்சும் சொல்லுங்க!

டைமர் இன்புட் கேப்சருக்கு (சிக்னல் வந்த நேரத்தை சிப்போட டைமரே நேரடியாப் பதிவு பண்றது) மாறணுமா, இல்ல வட்டோட ஒரு முழு சுத்துக்கு ஆவரேஜ் எடுத்தா போதுமா? ஃபோர் ஸ்ட்ரோக் சிங்கிள் சிலிண்டர், எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு ஃபயரிங், அதாவது வட்டு ஒரு சுத்துக்கு கரெக்டா ஒண்ணு, அதனால ஆவரேஜே சரியா வரும்னு எனக்குத் தோணுது. பல்லு வெட்டுனதுல இருக்குற ஏத்த இறக்கமும் அதுலயே அடிபட்டுப் போயிடும்ல?

இன்னொண்ணு, பேரிங் லாஸ் பாக்க கோஸ்ட் டவுன் (வட்டைச் சுத்த விட்டு, தானா ஸ்பீடு குறையறதை அளக்குறது) எடுக்கறப்போ செயினைக் கழட்டிடுவீங்களா, மாட்டியே விடுவீங்களா? 3600 கிட்ட டார்க் விழுறது எஞ்சின் ஸ்பீடைக் கட்டுப்படுத்துற கவர்னராலன்னு தெரியும், அத விட்டுடுங்க. வட்டுக்கு பாதுகாப்பு மூடியும் போட்டாச்சு.