பி.சி.எல். நூல்வலை செம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் உருகித் தெரிகிறது. இது சிதைவா?

பாளை மாணவி:
வணக்கம். பாளையங்கோட்டையில் ஆய்வு மாணவி. தீப்புண்ணில் புதுத் தோல் பிடித்து வளரத் தாங்குசட்டமாக ஒரு ஸ்கேஃபோல்ட் செய்கிறேன். பி.சி.எல். என்கிற பாலிகேப்ரோலாக்டோன் பிளாஸ்டிக்கும் ஜெலட்டின் புரதமும் கலந்து, எலக்ட்ரோஸ்பின்னிங்கில் (உயர் மின்னழுத்தத்தால் மெல்லிய நூலாக) இழுத்த நூல்வலை. 37 டிகிரியில் பி.பி.எஸ். என்கிற உப்புக் கரைசலில் நான்கு வாரம் ஊறவிட்டு, வெளியூர் ஆய்வகத்தில் செம் எடுக்கக் கொடுத்தேன். 15 கிலோவோல்ட்டில் எடுத்திருக்கிறார்கள். நூல்கள் குறுக்கிடும் இடமெல்லாம் ஒட்டிக் கிடக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்த இடத்தில் நூல் உப்பி வெடித்திருக்கிறது. நடுநடுவே சதுரப் படிகங்கள் வேறு. "நல்லா சிதைஞ்சிருக்கு, அப்படியே எழுதிரு" என்கிறார்கள் கூட இருப்பவர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நாளை ஒருவர் புண்மேல் வைக்கிற பொருள், எவ்வளவு நாளில் கரையும் என்று தப்பாகச் சொல்லக் கூடாது.

பேட்டை அண்ணாச்சி:
ஒப்பாதது நியாயம்தாம்மா. செம் அறையிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன். அந்தப் படிகம் உப்பு. தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதுதான் அங்கேயும்: தண்ணீர் போனது, உப்பு தங்கியது. காயவைக்கும் முன் டிஸ்டில்டு வாட்டரில் நன்றாக அலச வேண்டும்.

வெடிப்பு பெரும்பாலும் எலக்ட்ரான் கற்றையின் வேலை. பி.சி.எல். 60 டிகிரியிலேயே உருகிவிடும். 15 கிலோவோல்ட்டைச் சின்ன இடத்தில் குவித்தால் தாங்காது. அந்த இடத்தைச் சற்றுத் தள்ளி நின்று குறைந்த பெரிதாக்கத்தில் பார். முன்பு பெரிதாக்கிப் பார்த்த பரப்பின் அளவுக்குச் சதுரமாக ஒரு தடம் தெரிந்தால் சந்தேகமே இல்லை. 2 முதல் 5 கிலோவோல்ட் போதும். பக்கத்தில் ஃபோகஸ் பண்ணிவிட்டு, கற்றை படாத இடத்துக்கு நகர்ந்து படம் எடுக்கச் சொல். தங்கப் பூச்சு 5, 10 நானோமீட்டருக்கு மேல் வேண்டாம், நுண்ணிய மேடுபள்ளம் மூடிவிடும். எதில் காயவைத்தார்கள்?

பாளை மாணவி:
கேட்டேன் அண்ணாச்சி. ஓவனில், 60 டிகிரி என்றார்கள்.

தூத்துக்குடி அக்கா:
அப்போ நூல் ஒட்டியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அந்தப் படத்தை வைத்துச் சிதைவைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதே. நான் இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் வேலை செய்கிறவள். எங்களுக்கும் காயவைப்பதில்தான் பாதிப் பாடு. உறையவைத்தே உலர்த்தும் ஃப்ரீஸ் டிரையரில் போடு, இல்லையென்றால் அறை வெப்பத்தில் வாக்குவம்.

இன்னொன்று. பி.சி.எல். முழுசாகச் சிதைய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். நான்கு வாரத்தில் மாறுவது பெரும்பாலும் ஜெலட்டின். கிராஸ்லிங்க் பண்ணாத (மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்காத) ஜெலட்டின் 37 டிகிரி தண்ணீரில் கரைந்து வெளியே போகும், நூல்மேல் குழி விழும். அதைச் சிதைவு என்று எழுதினால் படிப்பவர் பி.சி.எல். என்றே நினைப்பார். முன்னும் பின்னும் உலர் எடை பார். எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) சோதனையில் 1650, 1540 செ.மீ⁻¹ பக்கம் உள்ள, ஜெலட்டினைக் காட்டும் அமைடு பட்டைகள் குறைகின்றனவா பார். படம், எடை, பட்டை மூன்றும் ஒத்துப்போனால் தைரியமாக எழுதலாம்.

முக்கியமாக, நான்கு வாரம் ஊறவைக்காத ஒரு துண்டையும் சும்மா நனைத்து, அலசி, காயவைத்து, பூச்சு போட்டு அதே வழியில் அனுப்பு. அதிலும் நூல் அதேபோல் உருகித் தெரிந்தால் குற்றம் கரைசலில் இல்லை. குறுக்குவெட்டு வேண்டுமென்றால் பிளேடு போடாதே, நூலை நசுக்கி இழுத்துவிடும். திரவ நைட்ரஜனில் உறையவைத்து உடை.

பேட்டை அண்ணாச்சி:
அக்கா சொன்ன ஜோடித் துண்டை விட்டுவிடாதே. சித்திரை வெயிலில் பார்சலைப் பஸ்ஸில் ஏற்றிவிடவும் வேண்டாம். தெர்மாகோல் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டுக் கையோடு கொண்டு போ.

பாளை மாணவி:
சரி அண்ணாச்சி, சரி அக்கா. கிராஸ்லிங்க் பண்ணியது, பண்ணாதது இரண்டையும் ஊறாத துண்டோடு சேர்த்தே வைக்கிறேன். 3 கிலோவோல்ட் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுக்கிறேன். வாக்குவத்தில் காயவைப்பதை இங்கேயே முடித்துக்கொண்டு போவேன்.