பெயர்ப்பலகையும் பயமும்

குடும்பக் குழு, ஸ்கொட்லாந்து
11 செப்டம்பர் 2014, வியாழன்

அப்பம்மா: பிள்ளைகள், ஸ்கொட்லாந்து பிரிட்டனைவிட்டுப் பிரிவதா என்ற வாக்கெடுப்பில் ‘ஆம்’ வென்றால் வங்கிகள் லண்டனுக்குப் போய்விடும் என்று செய்தியில் சொன்னார்கள். என் சேமிப்பை எடுத்து வீட்டில் வைக்கட்டுமா?

மாமி: எடுக்க வேண்டாம் அம்மா. 85,000 பவுண் வரை வைப்புக்குக் காப்புறுதி இருக்கிறது. ‘ஆம்’ வென்றாலும் பிரிவதற்குக் குறித்திருப்பது 2016 மார்ச்தான்.

பெரியப்பா: பார்த்தீர்களா? அம்மா போன்றவர்களை இப்படி நடுங்க வைக்கத்தான் இந்த அறிவிப்பே. ஞாயிற்றுக்கிழமை ஒரு கருத்துக்கணிப்பில் ‘ஆம்’ 51 வீதம் என்று வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் லொயிட்ஸ் வங்கியும் ரோயல் பாங்க் ஒஃப் ஸ்கொட்லாந்தும் மூட்டை கட்டுகின்றன!

மாமி: அண்ணா, ஸ்டாண்டர்ட் லைஃப் காப்புறுதி நிறுவனம் இங்கிருந்து போகலாம் என்று பெப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. இந்த வாரம் பிறந்த கதை இல்லை.

பெரியப்பா: சரி, சொல்வது யார் என்று பார். 2008இல் 24 பில்லியன் பவுணுக்கு மேல் இழந்த வங்கி இந்த ரோயல் பாங்க். 45 பில்லியன் பொதுப்பணத்தைக் கொட்டித்தான் அதை நிமிர்த்தினார்கள். தன் கூரையில் பற்றிய நெருப்பைக் காணாதவர்கள் என் வீட்டுக்கு நெருப்பு வரும் என்கிறார்கள். அன்றைக்கு யாரையாவது எச்சரித்தார்களா?

நான்: பெரியப்பா, அதன் தலைமை நிர்வாகி ரொஸ் மெக்யூவன் ஊழியர்களுக்கு எழுதிய கடிதம் வெளியாகியிருக்கிறது. வங்கி சட்டப்படி பதிவாகியிருக்கும் அலுவலகத்தை மாற்றுவது ஒரு நடைமுறை மட்டும்தானாம். வேலைகளை நகர்த்தும் எண்ணம் இல்லை என்கிறார்.

பெரியப்பா: அப்படியானால் கழற்றப்போவது பெயர்ப்பலகை. செய்தியில் மட்டும் வங்கியே போகிறது!

மாமி: பெயர்ப்பலகையைச் சின்னதாக நினைக்காதீர்கள். வங்கி விழுந்தால் அது பதிவாகியிருக்கும் நாடுதான் தூக்க வேண்டும். இங்குள்ள வங்கிகளின் சொத்து ஸ்கொட்லாந்தின் ஆண்டு உற்பத்தியைப் போல் 12 மடங்குக்கு மேல் என்று லண்டன் அரசின் நிதி அமைச்சான திறைசேரி கணக்கிட்டிருக்கிறது. ஐஸ்லாந்தில் 2008இல் வங்கிகள் விழுந்தபோது நடந்ததை மறந்துவிட்டீர்களா? பவுணைப் பகிரமாட்டோம் என்று பிரிட்டிஷ் நிதி அமைச்சர் ஒஸ்போர்ன் சொல்லிவிட்டார், பகிர்வோம் என்று ‘ஆம்’ பக்கம் நிற்கும் எங்கள் முதலமைச்சர் சல்மண்ட் சொல்கிறார். நாணயமே முடிவாகாதபோது எந்த வங்கியும் இப்படித்தான் திட்டம் போடும்.

பெரியப்பா: திறைசேரி! ரோயல் பாங்கில் ஏறக்குறைய 80 வீதம் பங்கு லண்டன் அரசுடையது. வங்கி அறிவிப்பதற்கு முன்பே நேற்றிரவு திறைசேரியிலிருந்து பிபிசிக்குத் தகவல் போயிருக்கிறது. சல்மண்ட் விசாரணை கேட்கிறார். முதலாளியும் அவர்கள், எதிர்த்தரப்பும் அவர்கள். நான் எதை நம்புவது?

மாமி: அது எனக்கும் கோபம்தான். ஆனால் கொண்டுவந்தவர் கெட்டவர் என்பதற்காகச் செய்தி பொய்யாகிவிடாது.

நான்: எனக்கு 17 வயது, முதல் வாக்கு. மாமி சொன்ன 12 மடங்குக் கணக்கை வகுப்பில் ஒருவர்கூடப் பேசவில்லை. வங்கி போகிறதாம், விலை ஏறுமாம் என்பதுதான் பேச்சு. “நாணயம் முடிவாகவில்லை, அதனால் பதிவை மாற்றுவோம், உங்கள் கணக்கு அப்படியே இருக்கும்” என்று கிளைக்குக் கிளை எழுதி ஒட்டியிருந்தால் அப்பம்மா இப்படிக் கேட்டிருப்பாரா?

மாமி: கேட்டிருக்கமாட்டார்.

பெரியப்பா: அப்படி ஒட்டியிருந்தால் நானும் நின்று வாசித்திருப்பேன்.

அப்பம்மா: சரி, பணத்தை எடுக்கவில்லை. யாருக்கு வாக்கு என்று மட்டும் என்னை ஒருவரும் கேட்கக்கூடாது. 18ஆம் திகதி யார் கூட்டிப்போவது?

பெரியப்பா: காலை ஒன்பது மணிக்கு நான் வருகிறேன் அம்மா. கேட்கமாட்டேன்.