பொருள்: ‘டிலேய்டு நியூட்ரான்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

முதுநிலை வகுப்புக்கான ஆய்வகக் குறிப்பு ஒன்றை வெள்ளிக்குள் தமிழில் முடித்தாக வேண்டும். அணுக்கருப் பிளவில் பிறக்கும் குறுவாழ்வுக் கருக்களின் சிதைவை அளப்பது பற்றியது. கருக்களில் பாதி சிதைய ஆகும் நேரத்தை அரைவாழ்வு என்பதா அரை ஆயுள் என்பதா என்ற பழைய வழக்கைத் தயவுசெய்து இப்போது எடுக்க வேண்டாம், இரண்டும் மாணவருக்குப் புரிகிறது. நான் முட்டி நிற்பது டிலேய்டு நியூட்ரானில், அதாவது பிளவின் கணத்திலேயே வராமல் சற்றுப் பிந்தி வெளிவரும் நியூட்ரானில். ‘தாமத நியூட்ரான்’ என்று எழுதி எழுதி அழித்துவிட்டேன், ஏனென்றால் தாமதம் நியூட்ரானுடையதே அல்ல. புரோமின்-87இன் அரை ஆயுள் ஏறத்தாழ 56 விநாடி. அது பீட்டாச் சிதைவில் கிரிப்டான்-87 ஆகிறது; அந்தக் கிரிப்டான் போதிய கிளர்ச்சியோடு, அதாவது மிகை ஆற்றலோடு, பிறந்தால் அந்தக் கணமே நியூட்ரானை உமிழ்ந்துவிடும். காத்துக் கிடந்தது புரோமின், பெயர் கெடுவது நியூட்ரானுக்கு. ‘பிந்துநியூட்ரான்’ சரிவருமா? ‘ஓடுதளம்’ போல வினைத்தொகை.

---

ஐயா, வினைத்தொகை சரிதான், ஆனால் பிந்து என்றதும் துளி என்ற வடசொல்தான் பலருக்கு நினைவு வரும். அப்புறம், நியூட்ரானை ஏன் அப்படியே விட்டீர்கள்? நொதுமி இருக்கிறதே! நொதுமல் என்பது நட்பும் பகையும் இல்லாத அயல். அகத்துறையில் அயலார் பெண் கேட்டு வருவது ‘நொதுமலர் வரைவு’. எந்த மின்னூட்டமும் இல்லாத துகளுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது? பின் + நொதுமி = பின்னொதுமி; ‘பின்னாள்’ போலப் புணரும். என் வாக்கு இதற்கே.

---

பின்னொதுமி என்று பலகையில் எழுதிப் பாருங்கள், பின் + ஒதுமி என்றுதான் பிரிப்பார்கள். ஒதுமி என்றால் என்ன என்று கேட்பார்கள். நான் தினமும் வகுப்பில் நிற்கிறவள், சொல்கிறேன். யுரேனியம்-235இல் வெப்ப நியூட்ரானால் நிகழும் பிளவில் வரும் நியூட்ரான்களில் இவை 0.65 விழுக்காடுதான், ஆனால் அணு உலையைக் கையாளும் வேகத்துக்குக் கொண்டுவருவதே இவைதான். இவ்வளவு வேலை செய்கிற ஒன்றுக்குக் கேட்டதும் விளங்குகிற பெயர் வேண்டும். தாமத நியூட்ரான் போதும். தாமதம் வடசொல் என்பதற்காக மாணவரைத் தவிக்க விட முடியாது.

ஆனால் பிரிகர்சருக்கு, அதாவது புரோமின் போலக் காத்திருந்து சிதையும் கருவுக்கு, என்ன செய்யப் போகிறீர்கள்? ‘முன்னோடி’ ஒத்துவராது. ‘தாய்க்கரு’ என்றால் புரோமின் தாய், கிரிப்டான் சேய், நியூட்ரானை விட்டதோ சேய்!

---

அக்கா சொன்ன தாய்-சேய் சிக்கல் எனக்கு அளவீட்டிலேயே இருக்கிறது. நகரும் நாடாவில் இந்தக் கருக்களின் அயனிகளைப் படியவைத்து, பாலிஎத்திலீன் கட்டைக்குள் செருகிய, நியூட்ரானை உணரும் ஹீலியம்-3 குழாய்களின் நடுவே நிறுத்தி எண்ணுகிறோம். சேய்க்கருக்களின் சிதைவு சேர்ந்து எண்ணிக்கையைக் குழப்புவதற்குள் நாடா நகர்ந்துவிட வேண்டும். அங்கே ‘சேய்’ என்பது விலக்க வேண்டியது. அதே பத்தியில் நியூட்ரானைத் தருவதும் சேய் என்றால் படிப்பவர் எங்கே போவார்?

குறிப்பில் ‘தாமத நியூட்ரான்’ என்றே போடுகிறேன், தாமதம் யாருடையது என்று அடுத்த வரியில் சொல்லிவிடுகிறேன். பிரிகர்சருக்கு ‘முன்கரு’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன்.

---

முன்கரு ஏற்கலாம். தாமத நியூட்ரானை நான் ஏற்கவில்லை என்பதையும் பதிந்துகொள்ளுங்கள்.