தாத்தாவின் ஆங்கிலேய வாள்: முத்திரைகளைக் கொண்டு வரலாற்றைக் கண்டறிய முடியுமா?

கேள்வி: வைகறை

வணக்கம். எங்கள் தாத்தா பெங்களூர் கண்டோன்மெண்ட் பகுதியில் நடந்த ஏலமொன்றில் வாங்கிய வாள் ஒன்று இப்போது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் பித்தளைக் கைக்காப்பின் நடுவில், கிரீடத்துக்குக் கீழே வி.ஆர். என்ற எழுத்துகள் பின்னியபடி இருக்கின்றன. அலகில் கைப்பிடியை ஒட்டி ஆறுமுனை நட்சத்திரமும், அதன் நடுவே பதித்த சிறு பித்தளை வில்லையும், மறுபக்கம் 'ஹென்றி வில்கின்சன், பால் மால், லண்டன்' என்ற எழுத்துகளும் தெரிகின்றன. உறை கிடைக்கவில்லை. 1857 கிளர்ச்சியில் பயன்பட்ட வாள் இது என்று பெரியப்பா உறுதியாகச் சொல்கிறார். அதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில் 1: பழம்பொருள் நேயன்

உங்கள் வர்ணனைப்படி இது பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரிகளுக்கான 1822 மாதிரி வாள். அலகின் இரு பக்கமும் நீளவாக்கில் பள்ளம் ஓடினால், 1845இல் அந்த மாதிரிக்கு அறிமுகமான புதிய அலகைக் கொண்டது. வி.ஆர். என்பது விக்டோரியா அரசியின் முத்திரை. அவர் 1837 முதல் 1901 வரை ஆண்டதால் அதை மட்டும் வைத்துக் காலத்தைச் சுருக்க முடியாது. நட்சத்திரம் அலகு சோதனையில் தேறியதைக் குறிப்பது. பிற தயாரிப்பாளர்களும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஹென்றி வில்கின்சன் 1861இல் இறந்த பிறகும் அவர் பெயரிலேயே வாள்கள் விற்கப்பட்டதால், பெயரைக் கண்டு 1861க்கு முந்தையது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

கைக்காப்பின் உட்பக்க மடல் கீல் வைத்து மடங்குகிறதா, அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். மடங்கும் மடல் 1854இல் கைவிடப்பட்டது. அதைவிட முக்கியமானது, அலகின் முதுகில் கைப்பிடிக்கு அருகே வெட்டியிருக்கக்கூடிய எண். வில்கின்சன் 1854 முதல் தம் அலகுகளுக்கு வரிசை எண் இட்டுப் பதிவேட்டில் குறித்துவந்தார். அந்தப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. சோதித்த நாளோடு, பல பதிவுகளில் வாங்கியவரின் பெயரும் கிடைக்கும். படைவீரர்களின் வாள் அரசுச் சொத்து என்பதால் அதில் அம்புக்குறியும் படைப்பிரிவின் அடையாளமும் இருக்கும். அதிகாரியோ தம் வாளைச் சொந்தக் காசில் வாங்கினார். ஆகவே, எண் தெளிவாகக் கிடைத்தால், வீரனின் வாளைப் போலப் படைப்பிரிவோடு நின்றுவிடாமல் ஒரு தனி மனிதர் வரை போக வாய்ப்புண்டு.

பதில் 2: கோட்டைவாசல்

மேலே சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. எண் தெரியவில்லை என்பதற்காக உப்புத்தாள், எலுமிச்சை, புளி எதையும் அலகில் தேய்க்காதீர்கள். அமிலத்தால் அரித்து வரையப்பட்ட அலங்காரம் மிக ஆழமற்றது. உரிமையாளரின் பெயரெழுத்துகள் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். லேசாக எண்ணெய் தொட்ட பருத்தித் துணியும் பக்கவாட்டில் சாய்த்த விளக்கொளியும் போதும். (ஒருமுறை என் வாளொன்றை மினுக்கிவிட்டு, அதிலிருந்த குலச்சின்னத்தை நானே அழித்தேன்.)

1857ஐப் பற்றி: கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள் வைத்திருந்த இதே வகை வாள்களில், அரசியின் முத்திரைக்குப் பதிலாகக் கிரீடம் ஏந்திய சிங்கத்தை அடிக்கடி காணலாம். உங்களுடையதில் வி.ஆர். இருப்பதால், இது அரசியின் படையைச் சேர்ந்த அதிகாரியுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தப் படைகளும் கிளர்ச்சியில் போரிட்டன என்பதால் பெரியப்பாவின் கூற்று பொய்யென்று ஆகிவிடாது. ஆனால் எந்த முத்திரையும் ஒரு போரை நிரூபிக்காது. பெயர் கிடைத்தால், ஆண்டுதோறும் அச்சான ராணுவ அதிகாரிகள் பட்டியலில் அவருடைய படைப்பிரிவைக் கண்டு, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர்ப் பதக்கம் பெற்றோரின் பட்டியல்களில் அவர் பெயரைத் தேடலாம்.

வைகறை

இருவருக்கும் நன்றி. மடல் அசையவில்லை. முதுகில் நான்கு இலக்க எண் தெரிகிறது. கடைசி இலக்கம் 3 ஆகவோ 8 ஆகவோ இருக்கலாம்.

பழம்பொருள் நேயன்

எண்வரிசை 5000 அளவில் தொடங்கியது. நான்கு இலக்கம் என்றால் அலகு 1850களைச் சேர்ந்தது. காலம் பொருந்துகிறது, பெரியப்பாவிடம் சொல்லுங்கள்! கடைசி இலக்கத்தை ஊகிக்காமல், மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, இரு எண்களுக்கும் பதிவைக் கேளுங்கள். இரண்டில் ஒன்று குதிரைப்படை வாளுக்கோ, அளவு பொருந்தாத அலகுக்கோ உரியதாக இருந்தால் அது தானாக விலகிவிடும். அதனால் அலகின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.