கனடா ராக்கீஸ் மலைப்பக்கம் மோட்டார்ஹோம் (படுக்கை, கிச்சன் எல்லாம் உள்ள வண்டி) ஓட்டினவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மக்களே, செப்டம்பர் கடைசில கால்கரில இறங்கி அங்கயே ஒரு 25 அடி மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து பான்ஃப், லேக் லூயிஸ் வழியா ஜாஸ்பர் வரைக்கும் போலாம்னு பிளான், கூட மாமியாரும் ரெண்டு வாண்டுகளும். லேக் லூயிஸ்ல இருந்து ஜாஸ்பர் போற ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே ரோடு 232 கிலோமீட்டர்தான், ஆனா நடுவுல சஸ்காச்சுவான் ரிவர் கிராசிங்ல மட்டும்தான் பெட்ரோல், போன் சிக்னலும் பெரும்பாலும் கிடையாது, அதனால டேங்க்கை ரொப்பிட்டுத்தான் கிளம்பணும். அந்த ரோட்டுல வர்ற போ (Bow) சம்மிட் மலை உச்சி 2000 மீட்டருக்கு மேல, அப்போ பனி விழுந்தாலும் ஆச்சரியமில்ல. இறக்கத்துல பிரேக்கை அமுக்கிட்டே வராம லோ கியர்ல விடணும்னு தெரியும், இருந்தாலும் சன்வாப்டா பாஸ் பக்கம் அந்தப் பெரிய வளைவை வீடியோல பாத்தாலே அடிவயிறு கலங்குது, ஓட்டினவங்க உண்மையச் சொல்லுங்க.

பெய்டோ லேக் பார்க்கிங்ல இந்த சைஸ் வண்டி நிக்குமா? மொரெய்ன் லேக்குக்கு சொந்த வண்டி விடமாட்டாங்க, அதுக்கு ஷட்டில் பாத்துக்குவோம். ரோட்டோரமா ராத்தங்கவும் முடியாது, கேம்ப்கிரவுண்ட்தான். கரண்ட் கனெக்ஷன் இல்லாத இடத்துல ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடினா பேட்டரி காலை வரைக்கும் தாங்குமா? கழிவுத் தண்ணி டேங்க்கை வழில எங்க காலி பண்ணீங்க? மாமியார் வேற குக்கர், இட்லித்தட்டு எல்லாம் எடுத்து வச்சாச்சு, கேஸ் எத்தனை நாளைக்கு வரும்னும் சொன்னீங்கன்னா புண்ணியமா போகும்.