ஸ்டாஃபிலோகாக்கஸ் பாதி ஊதா, பாதி இளஞ்சிவப்பு: தட்டின் குற்றமா, கையின் குற்றமா?

செராஸ் மாணவி:
வணக்கம். கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் படிக்கிறேன். தைப்பூச விடுமுறைக்கு முன் இன்குபேட்டரில் வைத்த ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி வளர்ப்புத் தட்டை மூன்று நாள் கழித்து எடுத்துக் கிராம் சாயமேற்றினேன் (கிருமிகளை ஊதா, இளஞ்சிவப்பு என இரு வகையாகப் பிரித்துக் காட்டும் சோதனை). கொத்துக் கொத்தாகத் தெரியும் உருண்டைகளில் பாதி ஊதாவாகவும் மீதி இளஞ்சிவப்பாகவும் உள்ளன. வேறு கிருமி கலந்துவிட்டதா? கிராம் பாசிட்டிவ் (ஊதாவாகவே நிற்பது) என்று நாம் படித்த கிருமி இரண்டு நிறங்களையும் காட்டுமா?

பட்டர்வொர்த் ஆய்வகத்தார்:
காட்டும். கிரிஸ்டல் வயலட் எல்லாக் கிருமிகளுக்குள்ளும் நுழைகிறது. அயோடின் அதனுடன் சேர்ந்து, எளிதில் வெளியேற முடியாத பெரிய கூட்டுப்பொருளாகிறது. அதுவரை எல்லாமே ஊதாதான். வேறுபாடு தோன்றுவது ஆல்கஹால் ஊற்றும் அந்தச் சில விநாடிகளில். கிராம் பாசிட்டிவ் கிருமியின் பெப்டிடோகிளைகான் சுவர் 20 முதல் 80 நானோமீட்டர் வரை தடிமனானது. ஆல்கஹால் அதன் நீரை உறிஞ்சும்போது சுவர் இறுகி, சாயம் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கிராம் நெகட்டிவ் கிருமியிலோ வெளிச்சவ்வின் கொழுப்பு கரைந்துபோக, உள்ளிருக்கும் மெல்லிய சுவரால் சாயத்தைப் பிடித்துவைக்க இயலாது; பின்னர் ஊற்றும் சாஃப்ரனின் என்னும் சாயம் அதை இளஞ்சிவப்பாக்குகிறது. மூன்று நாள் தட்டில் பல செல்கள் செத்துக்கொண்டிருக்கும். அவற்றின் சொந்த நொதிகளே சுவரை அரித்திருக்கும். சுவர் சிதைந்தால் கிருமியின் பெயர் என்னவானாலும் ஊதா நிற்காது. இளஞ்சிவப்பானவையும் அதே கொத்துகளில் உருண்டையாகவே இருப்பதால் கலப்பு என்று நான் ஐயப்பட மாட்டேன். ஆனாலும் தனிக் காலனி ஒன்றை மறுவளர்ப்புச் செய்து உறுதிப்படுத்துங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகர்:
மேலே சொன்னது சரி. ஆனால் தட்டின் மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனமில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்மியர் (ஸ்லைடில் பூசிய கிருமிப் படலம்) காய நேரமாகிறது என்று ஸ்லைடை நெருப்பின் மேல் நெடுநேரம் காட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன் (தொடக்கத்தில் நானும் அதைத்தான் செய்தேன்). மிகையான சூடும் சுவரைக் கெடுத்துவிடும். ஆல்கஹாலுக்குப் பதில் அசிட்டோன் பயன்படுத்தினால் இன்னும் எச்சரிக்கை தேவை, ஏனெனில் அது மிக வேகமாக நிறத்தை நீக்கும். ஸ்மியர் தடித்துவிட்டால் இதற்கு நேர்மாறாக, கிராம் நெகட்டிவ் கிருமிகூட ஊதாவாகத் தெரியும். எனவே 18 முதல் 24 மணி நேரத் தட்டிலிருந்து எடுத்து, அதே ஸ்லைடில் ஒரு பக்கம் கிராம் நெகட்டிவ் கிருமியான ஈ. கோலையையும் பூசுங்கள். ஈ. கோலை இளஞ்சிவப்பாகவும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஊதாவாகவும் வந்தால் உங்கள் கை சரி. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட முறையில் சாஃப்ரனின் கிடையாது. இளஞ்சிவப்பு பின்னால் வந்த சேர்க்கை.

செராஸ் மாணவி:
இருவருக்கும் நன்றி. நேற்றைய தட்டிலிருந்து, காற்றிலேயே காயவிட்டு, ஈ. கோலையுடன் செய்தேன், இம்முறை உருண்டைகள் அனைத்தும் ஊதா. பழைய தட்டையும் அதே ஸ்லைடின் மூன்றாவது மூலையில் பூசியிருந்தேன். அது மட்டும் இப்போதும் இருநிறமாகவே நிற்கிறது.